விளக்கைத் தேடி வரும் 'விகடகவி' வண்டு!

மழைக்காலத்தில் மாலை ஆறரை மணிக்கு டியூப் லைட்டைப் போட்டதும் என்னென்ன பூச்சிகள் வருகின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? ஈசல் வரும். அந்துப்பூச்சி வரும். பச்சை நிறத்தில் குட்டிக் குட்டித் தத்துப்பூச்சிகள் வரும். அவற்றைப் பிடிக்கப் பல்லியும் வரும்!

இந்தக் கூட்டத்தோடு சில நாள்களில் இன்னொரு விருந்தாளியும் வருவதுண்டு. பார்க்க எறும்பு போல இருக்கும். ஆனால் எறும்பு இல்லை. நோட்டுப் புத்தகத்தின் மேல் விறுவிறுவென்று ஓடும். தொட்டால் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். "ச்சீ! போ!" என்று நீங்கள் ஒரு தட்டு தட்டி நசுக்கிவிட்டால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அந்த இடத்தில் தீப்பட்டது போலக் கொப்புளம் வந்துவிடும்!

யார் இந்தப் பூச்சி? எந்த ஊர்க்காரர்? இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? வாருங்கள், துப்பறிவோம்!

எறும்பா, வண்டா?

முதலில் இவரது குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம். இவர் ஒரு வண்டு. ஆங்கிலத்தில் 'ரோவ் பீட்டில்' என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தவர். 'ரோவ்' என்றால் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்து திரிவது. நாம் தமிழில் 'நாடோடி வண்டு' என்று செல்லப்பெயர் வைத்துக்கொள்வோமா?

நாடோடி வண்டுக் குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. உலகத்தில் இதுவரை 60,000-க்கும் மேற்பட்ட நாடோடி வண்டுச் சிற்றினங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். வண்டுகளிலேயே மிகப் பெரிய குடும்பங்களில் இதுவும் ஒன்று.

பொன்வண்டையும் பொறிவண்டையும் நினைத்துப் பாருங்கள். அவற்றின் முதுகு முழுவதையும் ஓடு போன்ற சிறகு உறை மூடியிருக்கும். நாடோடி வண்டுக்கு அப்படி இல்லை. சின்னப் பையனின் சட்டையை அண்ணன் போட்டுக்கொண்டது போல, சிறகு உறை பாதி முதுகோடு நின்றுவிடும்! வயிறு வெளியே நீண்டு தெரியும். அதனால்தான் பலர் இதை வண்டு என்றே நினைப்பதில்லை.

"சிறகு இவ்வளவு சின்னதாக இருந்தால் எப்படிப் பறக்கும்?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! வெளியே தெரிவது உறை மட்டும்தான். பறக்க உதவும் மெல்லிய சிறகு அந்த உறைக்குள்ளே, காகிதக் கப்பல் செய்ய மடிப்பது போலப் பல மடிப்பாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். பறந்து முடித்ததும் வயிற்றை வளைத்து, சிறகைத் தள்ளித் தள்ளி மறுபடியும் உள்ளே மடித்துவிடும். ஒருவகை நாடோடி வண்டை அதிவேகக் கேமராவில் படம்பிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள், அதன் இடது சிறகு ஒருவிதமாகவும் வலது சிறகு வேறுவிதமாகவும் மடிவதை 2014-ல் விளக்கினார்கள். விண்வெளியில் விரியும் கருவிகளை வடிவமைக்கக்கூட இந்த மடிப்பு வித்தை உதவலாம் என்கிறார்கள்!

ஐந்து எழுத்து, ஐந்து நிறம்

இந்தப் பெரிய குடும்பத்தில் 'பெடரஸ்' என்று ஒரு பேரினம் இருக்கிறது. இதில் மட்டும் 600-க்கும் அதிகமான சிற்றினங்கள். நம் வீட்டு விளக்குக்கு வந்து கொப்புளம் கொடுத்துவிட்டுப் போகும் விருந்தாளி இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவர்தான்.

நம் நாட்டு நெல்வயல்களில் காணப்படும் பெடரஸ் வண்டைச் சுலபமாக ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்லட்டுமா? 'விகடகவி' என்ற சொல் உங்களுக்குத் தெரியும். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் 'விகடகவி'தான். இந்த வண்டின் நிறமும் அப்படித்தான்!

தலை - கறுப்பு
மார்பு - ஆரஞ்சு
சிறகு உறை - பளபளக்கும் நீலம் அல்லது நீலப்பச்சை
வயிறு - ஆரஞ்சு
வயிற்றின் நுனி - கறுப்பு

கறுப்பு, ஆரஞ்சு, நீலம், ஆரஞ்சு, கறுப்பு. தலையிலிருந்து எண்ணினாலும் வாலிலிருந்து எண்ணினாலும் ஒரே வரிசை! நீளம் சுமார் ஏழு மில்லிமீட்டர். ஓர் அரிசியின் நீளம்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இவ்வளவு பளிச்சென்ற நிறம் எதற்கு? "நான் சாப்பிட நல்ல பொருள் இல்லை. கிட்டே வராதே!" என்று எதிரிகளுக்குக் காட்டும் எச்சரிக்கைப் பலகை அது.

ஆனால், அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள். வயலில் இதே போன்ற நிறத்தில் வேறு பூச்சிகளும் உண்டு. 'ஓபியோனியா' என்று ஒரு தரை வண்டு இருக்கிறது. அதற்கும் கறுப்புத் தலை, செம்பழுப்பு மார்பு. ஆனால் அதன் சிறகு உறை நீளமானது. வயிற்றின் பெரும்பகுதியை மூடியிருக்கும். இந்த வண்டு கொப்புளம் உண்டாக்காது. எறும்பு என்றால் உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும், இடுப்பு நூல் போல ஒடுங்கியிருக்கும். வாலில் இடுக்கி போல இரண்டு கொடுக்கு தெரிந்தால் அது 'இயர்விக்' என்ற வேறு பூச்சி.

ஆகவே நிறத்தை மட்டும் பார்க்கக் கூடாது. சிறகு உறை எதுவரை இருக்கிறது, இடுப்பு எப்படி இருக்கிறது, வாலில் என்ன இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதுதான் பூச்சியியல் துப்பறிவாளரின் முதல் பாடம்!

பெயர் வைத்தது யார்?

நம் வயல்களில் மிகவும் சாதாரணமாகக் காணப்படும் பெடரஸ் வண்டின் அறிவியல் பெயர் 'பெடரஸ் ஃபஸ்கிபெஸ்'. வாயில் நுழையவில்லையா? மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்! லத்தீன் மொழியில் 'ஃபஸ்கஸ்' என்றால் கருமை கலந்த மங்கல் நிறம். 'பெஸ்' என்றால் பாதம். அதாவது, 'மங்கல் நிறக் காலுடைய பெடரஸ்'.

இந்தப் பெயரை வைத்தவர் ஜான் கர்ட்டிஸ். 1791-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். பூச்சிகளைத் தத்ரூபமாக வரைவதில் கெட்டிக்காரர். இங்கிலாந்துப் பூச்சிகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் பல ஆண்டுகள் தொடர்ந்து நூல் வெளியிட்டார். 1826-ல் இந்த வண்டுக்குப் பெயர் சூட்டினார்.

"தஞ்சாவூர் வயலில் ஓடும் வண்டுக்கு இங்கிலாந்தில் இருந்தவர் பெயர் வைத்தாரா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம்! அங்கேயும் இதே சிற்றினம் இருக்கிறது. அங்கே சதுப்பு நிலங்களிலும் நீரோடைக் கரைகளிலும் வாழ்கிறது.

இன்னொரு சுவையான செய்தி. 1840-ல் ஜெர்மனியைச் சேர்ந்த எரிக்சன் என்ற பூச்சியியலாளர் இன்னொரு பெடரஸ் வண்டுக்குப் பெயர் சூட்டினார். என்ன பெயர் தெரியுமா? 'பெடரஸ் தமுலஸ்'! அந்தக் கால ஐரோப்பிய அறிஞர்கள் தமிழைத்தான் லத்தீனில் 'தமுல்' என்று எழுதினார்கள். நம் மொழியின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வண்டு! ஆனால் அது தமிழ் பேசும் இடத்தோடு நின்றுவிடவில்லை. சீனாவிலும் இருக்கிறது. அங்கேயும் விளக்குக்கு வந்து பலருக்குக் கொப்புளம் உண்டாக்கியிருக்கிறது.

ஆகவே, பெயரில் ஊர் இருக்கிறது என்பதற்காக அந்த ஊரில் மட்டும்தான் அது வாழும் என்று நினைக்கக் கூடாது. மைசூர்பாகு மைசூரில் மட்டுமா கிடைக்கிறது?

இரட்டையரைப் பிரிப்பது எப்படி?

ஃபஸ்கிபெஸ், தமுலஸ் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே மாதிரி நிறம். வெறும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் போலத் தெரியும். அப்படியானால் விஞ்ஞானிகள் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்?

அவர்கள் வண்டை நுண்ணோக்கியின் கீழே வைப்பார்கள். மார்பைவிடச் சிறகு உறை நீளமா, குட்டையா என்று அளப்பார்கள். சில பெடரஸ் சிற்றினங்களுக்கு உறை மிகவும் குட்டை. அவற்றால் பறக்கவே முடியாது. பிறகு கால், உணர்கொம்பு, தாடை ஆகியவற்றின் நிறத்தைப் பார்ப்பார்கள். தலையிலும் உறையிலும் உள்ள நுண்ணிய குழிகளையும் பார்ப்பார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் தீராமல் போவதுண்டு. அப்போது ஆண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்பை மெல்ல வெளியே எடுத்துப் பார்ப்பார்கள். பூட்டுக்குப் பூட்டு சாவி மாறுவது போல, சிற்றினத்துக்குச் சிற்றினம் இந்த உறுப்பின் வடிவம் மாறும். இதைப் பார்த்துத்தான் கடைசித் தீர்ப்பு! இன்று மரபணுவைப் படித்துப் பார்க்கும் முறையும் துணைக்கு வந்துவிட்டது.

இதிலிருந்து ஒன்று புரிகிறதா? செல்போனில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்து 'இது பெடரஸ்' என்று சொல்லிவிடலாம். எந்தப் பெடரஸ் என்று அடித்துச் சொல்வது பெரும்பாலும் முடியாது.

நைரோபியிலிருந்து வந்ததா?

இந்தப் பாடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

2022-ம் ஆண்டு ஜூலை மாதம். சிக்கிம் மாநிலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்த மாணவர்கள் பலருக்குத் தோலில் எரிச்சலும் கொப்புளமும் வந்தன. 'நைரோபி ஈ தாக்குதல்' என்று நாடு முழுவதும் செய்தி பரவியது. ஆப்பிரிக்காவிலிருந்து ஏதோ புது ஆபத்து பறந்து வந்துவிட்டது என்று பலர் பயந்துபோனார்கள்.

நைரோபி என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டின் தலைநகரம். 'நைரோபி ஈ' என்பது அந்தப் பகுதியில் வாழும் இரண்டு பெடரஸ் சிற்றினங்களுக்கு மக்கள் வைத்த பெயர். அவற்றின் அறிவியல் பெயர்கள் பெடரஸ் எக்ஸிமியஸ், பெடரஸ் சபேயஸ். 1998-ல் எல் நினோ காரணமாகக் கென்யாவில் பெருமழை பெய்தபோது இவை ஏராளமாகப் பெருகி மக்களைப் பாடாய்ப் படுத்தின.

இப்போது நாம் துப்பறிவோம். முதல் விஷயம், 'நைரோபி ஈ' என்பது ஈயே இல்லை, வண்டு! ஈக்கு இரண்டே சிறகு. அதன் மேல் உறை கிடையாது. இரண்டாவது விஷயம், பெடரஸ் வண்டுகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. மால்கம் கேமரன் என்ற ஆங்கிலேயக் கடற்படை மருத்துவர் இந்தியாவின் நாடோடி வண்டுகளைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதினார். அவை 1930-க்கும் 1939-க்கும் இடையே லண்டனில் வெளியாயின. நம் தாத்தாவின் தாத்தா காலத்திலேயே இந்த வண்டுகள் இங்கே வயலில் ஓடிக்கொண்டிருந்தன!

அப்படியானால், எங்காவது பெடரஸ் வண்டு திடீரென்று பெருகினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? 'இது எந்த நாட்டிலிருந்து வந்தது?' என்பது இல்லை. 'இது எந்தச் சிற்றினம்? இங்கே முன்பே இருந்ததா?' என்பதுதான். பெயரைத் தவறாகச் சொன்னால் பயமும் தவறான இடத்துக்குப் போய்விடும்.

இதே வண்டுக்கு இந்தோனேசியாவில் 'டாம்கேட்' என்று பெயர். 2012 மார்ச் மாதம் சுரபாயா நகரக் குடியிருப்புகளில் டாம்கேட் கூட்டம் புகுந்தபோது அங்கேயும் ஒரே பரபரப்பு. மலேசியாவில் 'சார்லி' என்றும் அழைக்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பெயர். அதனால்தான் உலகம் முழுவதற்கும் பொதுவாக அறிவியல் பெயர் தேவைப்படுகிறது.

எங்கெங்கே வாழ்கிறது?

உங்கள் அட்லஸை எடுத்து உலக வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். மேற்கே பிரிட்டனில் ஒரு விரலை வையுங்கள். அப்படியே ஐரோப்பா வழியாகக் கிழக்கே வாருங்கள். மத்திய ஆசியா, ஈரான், இந்தியா, சீனா என்று போய் ஜப்பானைத் தொடுங்கள். பிறகு தெற்கே இறங்கித் தென்கிழக்கு ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போங்கள். உங்கள் விரல் போன பாதை முழுவதும் பெடரஸ் ஃபஸ்கிபெஸ்ஸின் வீடு! அரிசி நீளமுள்ள ஒரு வண்டுக்கு இவ்வளவு பெரிய வீடா!

ஆனால், அந்தப் பாதையில் எல்லா இடத்திலும் அது இருக்காது. அதன் முட்டையும் புழுவும் வறண்டுபோனால் பிழைக்காது. ஈர மண் வேண்டும். அதனால் ஆற்றங்கரை, ஏரிக்கரை, சதுப்பு நிலம் என்று ஈரமான இடங்களாகப் பார்த்து வாழ்கிறது. மனிதன் நெல்வயல் அமைத்தபோது அதற்குப் பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. எந்நேரமும் ஈரம், சாப்பிட ஏராளமான பூச்சிகள். வேறென்ன வேண்டும்?

சரி, ஒரு வண்டு எந்தெந்த நாட்டில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? யாராவது உலகம் முழுவதும் நடந்து போய்ப் பார்த்தார்களா? இல்லை. அருங்காட்சியகங்களில் வண்டுகளை ஊசியில் குத்திப் பெட்டிகளில் பாதுகாத்து வைத்திருப்பார்கள். ஒவ்வோர் ஊசியிலும் வண்டுக்குக் கீழே ஒரு குட்டிச் சீட்டு இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். இப்படிப் பல நாட்டுச் சீட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் வரைபடம் தயார்! சீட்டு இல்லாத வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், அது எங்கே வாழ்ந்தது என்று அதனால் சொல்ல முடியாது.

கடிக்காது, கொட்டாது!

இப்போது கொப்புளத்துக்கு வருவோம். பெடரஸ் வண்டு நம்மைக் கடிப்பதில்லை. கொட்டுவதும் இல்லை. தோலின் மேல் நடந்து போனால்கூடப் பொதுவாக ஒன்றும் ஆகாது. ஆபத்து அதன் உடம்புக்குள் ஓடும் திரவத்தில் இருக்கிறது. அதை நாம் நசுக்கும்போதுதான் அந்தத் திரவம் தோலில் படுகிறது.

அந்தத் திரவத்தில் உள்ள விஷத்தின் பெயர் 'பெடரின்'. 1953-ல் இத்தாலியைச் சேர்ந்த பாவன், போ என்ற இருவர் இதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஒரு வண்டில் இருப்பதோ துளியிலும் துளி. அதன் முழு அமைப்பைக் கண்டறிவதற்காக மொத்தம் இரண்டரைக் கோடி வண்டுகளைப் பிடிக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

பெடரின் நம் தோலில் உள்ள செல்கள் புரதம் தயாரிப்பதைத் தடுத்துவிடுகிறது. அந்தச் செல்கள் செத்துப்போகின்றன. இதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதனால்தான் நசுக்கிய உடனே ஒன்றும் தெரியாது. ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும். அதற்குள் வண்டை நசுக்கியதே நமக்கு மறந்துபோயிருக்கும்! "ஏதோ பூச்சி கடித்துவிட்டது" என்று சொல்லிக்கொள்வோம்.

கழுத்தில் வண்டைத் தேய்த்தால் சாட்டையால் அடித்தது போலக் கோடாகப் புண் வரும். முழங்கை மடிப்பில் நசுங்கினால் மேலும் கீழுமாக ஒட்டி, கண்ணாடியில் பார்த்தது போல இரட்டைப் புண் வரும். இந்தப் புண்ணைப் பலர் 'அக்கி' என்று நினைத்துவிடுகிறார்கள். அக்கி என்பது வேறு. அம்மையை உண்டாக்கும் ஒரு வைரஸால் வருவது அது. அதற்கு மருந்து வேறு, இதற்கு மருந்து வேறு. கிராமத்தில் காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் எந்தப் புண் எது என்று பார்த்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும்.

சீனாவில் கி.பி. 739-ல் எழுதப்பட்ட ஒரு மருத்துவ நூலில், தோலை உரிக்கும் விஷம் கொண்ட ஒரு பூச்சியைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. அது பெடரஸ் வண்டுதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வண்டு மனிதர்களுக்குத் தெரிந்தவர்!

விஷம் யாருடையது?

இந்தக் கதையில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. அந்த விஷத்தை வண்டு தானாகத் தயாரிப்பதில்லை! வண்டின் உடம்புக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியாதான் தயாரிக்கிறது. யோர்ன் பீல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, பெடரின் தயாரிக்கும் மரபணுக்கள் பாக்டீரியாவுக்குச் சொந்தமானவை என்பதை 2002-ல் கண்டுபிடித்தார். ஆமாம், விஷம்தான் வாடகையோ?

பெண் வண்டு இந்த விஷத்தைத் தன் முட்டைகளுக்கும் கொடுக்கிறது. அந்த முட்டையிலிருந்து வரும் புழுவை ஓநாய்ச் சிலந்தி பிடித்தால், 'த்தூ!' என்று விட்டுவிடும். அம்மா கட்டிவிட்ட தாயத்து போல அது குழந்தையைக் காப்பாற்றுகிறது.

பெடரினைப் போன்ற பொருள்கள் கடலுக்கு அடியில் வாழும் சில பஞ்சுயிரிகளிலும் கிடைத்திருக்கின்றன. செல்கள் வளர்வதைத் தடுக்கும் சக்தி இவற்றுக்கு இருப்பதால், புற்றுநோய் மருந்து தேடும் ஆய்வாளர்கள் இவற்றை ஆர்வத்தோடு கவனிக்கிறார்கள்.

வயலில் இவர் நண்பர்!

"இவ்வளவு ஆபத்தான வண்டா? மருந்தடித்து எல்லாவற்றையும் ஒழித்துவிட்டால் என்ன?" என்று தோன்றுகிறதா? பொறுங்கள்!

நெற்பயிரின் தண்டில் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் 'புகையான்' என்ற பூச்சியைப் பற்றி உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே வாரத்தில் பச்சை வயலைத் தீய்ந்தது போல ஆக்கிவிடும். அந்தப் புகையானையும், தத்துப்பூச்சிகளையும், இலைச்சுருட்டுப் புழுவையும் பிடித்துத் தின்னும் வேட்டைக்காரர்களில் நம் விகடகவி வண்டும் ஒருவர். பகலில் நெற்பயிரில் மேலும் கீழும் ஓடி ஓடி வேட்டையாடும். அதனால் வேளாண் அறிஞர்கள் இதை 'நன்மை செய்யும் பூச்சி' என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் புகையானோடு சேர்ந்து இந்தக் காவல்காரரும் செத்துப்போவார். பிறகு புகையான் மீண்டும் பெருகும்போது தடுக்க ஆள் இருக்காது.

அப்படியானால் வயலை விட்டு வீட்டுக்கு ஏன் வருகிறது? மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நெல்வயல்களுக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே ஆய்வு செய்தவர்கள், அறுவடை போன்ற வேலைகள் நடக்கும் காலத்தில்தான் வண்டுகள் வயலை விட்டுக் கிளம்புவதைக் கண்டார்கள். வீடும் சாப்பாடும் போன பிறகு, இரவில் பளிச்சென்று தெரியும் விளக்கை நோக்கிப் பறந்து வந்துவிடுகின்றன. நம்மைத் தாக்கும் எண்ணமெல்லாம் அவற்றுக்குக் கிடையாது.

வண்டு மேலே உட்கார்ந்தால்...

* அடிக்காதீர்கள், தேய்க்காதீர்கள், நசுக்காதீர்கள். வாயால் 'ஃபூ' என்று ஊதிவிடுங்கள். அல்லது ஒரு காகிதத்தை நீட்டி அதன் மேல் ஏறவிட்டு வெளியே கொண்டுபோய் விடுங்கள்.

* தெரியாமல் நசுங்கிவிட்டால், அந்த இடத்தை உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவும்வரை கண்ணைத் தொடவே கூடாது. விஷம் பட்ட துணியையும் துவைத்துவிடுங்கள்.

* கொப்புளம் வந்தால் கிள்ளாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். கண்ணருகே வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் ஆறிவிடும். கருமையான தழும்பு மட்டும் கொஞ்ச நாள் இருக்கும்.

* வண்டு வரும் காலத்தில் மாலையில் ஜன்னலைச் சாத்துங்கள் அல்லது வலை அடியுங்கள். விளக்குக்கு நேர் கீழே படுக்காதீர்கள். கொசுவலை கட்டிக்கொண்டால் இரட்டை லாபம்!

நீங்களும் வரைபடம் போடலாம்!

அருங்காட்சியகச் சீட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதே வேலையை நீங்களும் செய்யலாம். வண்டைப் பிடிக்கவோ ஊசியில் குத்தவோ வேண்டாம். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும்.

விளக்குக்கு இந்த வண்டு வந்த நாளன்று தேதி, நேரம், ஊர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அன்று மழை பெய்ததா? பக்கத்து வயலில் நடவு நடந்ததா, அறுவடை நடந்ததா? எத்தனை வண்டுகள் வந்தன? ஐந்து நிறமும் சரியாக இருந்தனவா? பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, தொடாமல் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிற்றினத்தின் பெயர் தெரியாவிட்டால் 'பெடரஸ்' என்று மட்டும் எழுதுங்கள். தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுவதுதான் நல்ல விஞ்ஞானியின் குணம். அப்பா, அம்மா உதவியோடு 'ஐ-நேச்சுரலிஸ்ட்' போன்ற இணையதளங்களில் அந்தப் படத்தைப் போட்டால், வேறு நாடுகளில் இருக்கும் வண்டு ஆராய்ச்சியாளர்களும் பார்ப்பார்கள்.

உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்து, நாற்பது பேரும் ஓர் ஆண்டு முழுவதும் இப்படி எழுதினால் என்ன ஆகும்? உங்கள் ஊரில் விகடகவி வண்டு எந்த மாதம் வருகிறது, எந்தத் தெருவுக்கு அதிகம் வருகிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு அந்த மாதம் வருவதற்கு முன்பே, "ஜன்னலைச் சாத்துங்க! வண்டை நசுக்காதீங்க!" என்று ஊருக்கே நீங்கள் சொல்லலாம்.

என்ன, இன்று மாலை விளக்கைப் போட்டதும் நோட்டையும் எடுத்து வைத்துக்கொள்வீர்கள்தானே? கறுப்பு, ஆரஞ்சு, நீலம், ஆரஞ்சு, கறுப்பு... மறந்துவிடாதீர்கள்!